ஸ்கின் டிராக்‌ஷன் கிட்: ஒட்டுப் பட்டையா, வெறும் ஃபோம் பட்டையா, பூட்டா?

எலும்பு முறிந்து படுத்திருப்பவரின் காலில் வெயிட் கட்டித் தொங்கவிட வார்டுகளில் இன்று மூன்று விதமான ஸ்கின் டிராக்‌ஷன் கிட்டுகள் புழங்குகின்றன. பசை தடவிய பட்டை கொண்டது ஒன்று. பசை இல்லாத ஃபோம் பட்டையைக் காலின் இருபுறமும் வைத்துக் கிரேப் பேண்டேஜால் சுற்றிக் கட்டுவது இன்னொன்று. மூன்றாவது, வெல்க்ரோ வைத்து ஷூபோல மாட்டும் ஃபோம் பூட். மூன்றும் செய்வது ஒரே வேலைதான். தோலைப் பிடித்து இழுத்து, அந்த இழுப்பைத் தசை வழியாக எலும்புக்குக் கொண்டுபோகின்றன. ஆனால் நோயாளியின் தோலும், அதைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸும் படுகிற பாடு மூன்றிலும் வேறு வேறு.

எந்தக் கிட் எவ்வளவு எடை தாங்கும் என்பது எளிதாகத் தெரிந்துவிடும். குதிகாலையும் முழங்காலின் வெளிப்பக்கத்தையும் தடையில்லாமல் பார்க்க எந்தக் கிட் விடுகிறது என்பதுதான் முக்கியம் என்று கருதுகிறோம். இந்த மதிப்பீடு முழுவதும் அதை வைத்தே. டிராக்‌ஷனில் வரும் கெடுதல்களில் பெரும்பாலானவை கட்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் தொடங்குகின்றன.

பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டியவை

ஒட்டும் கிட்டில் நீளமான ஒரே பட்டை இருக்கும். அது காலின் ஒரு பக்கம் இறங்கி, பாதத்துக்கு அடியில் வளைந்து, மறுபக்கம் ஏறும். வளைவின் நடுவில், இரு பக்கப் பட்டையையும் விரித்துப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் தகடு. கணுக்கால் எலும்புகள் வரும் இடத்தில் பசை இருக்காது, ஃபோம் மட்டும் இருக்கும். கூடவே கயிறும் கிரேப் பேண்டேஜும். புல்லி (கயிறு ஓடும் சக்கரம்), ஹேங்கர் (வெயிட்டை மாட்டும் தண்டு), வெயிட் எல்லாம் கட்டிலோடு சேர்ந்தவை. கிட்டில் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஸ்ப்ரெடர் தகட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் அகலம் கணுக்காலின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் இரு பக்கப் பட்டையும் கணுக்கால் எலும்பை இடுக்கிப் பிடித்து உராய்ந்துகொண்டே இருக்கும். மறுநாளே அங்கே சிவந்துவிடும். ரொம்ப அகலமாக இருந்தாலும் தொல்லைதான். பட்டைகள் காலைவிட்டு வெளியே விரிந்து, கீழ் முனையிலிருந்து உரிய ஆரம்பிக்கும். ஒரே அளவுத் தகட்டை மெலிந்த பாட்டிக்கும் பருத்த இளைஞருக்கும் போடச் சொல்லும் கிட்டை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். குறைந்தது பெரியவர், சிறுவர் என இரண்டு அளவாவது இருக்க வேண்டும்.

அடுத்தது, கணுக்கால் ஃபோமின் நீளம். பட்டையைக் காலில் வைத்து, உள்ளங்காலுக்கும் தகட்டுக்கும் இடையே 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விட்டுப் பாருங்கள். அந்த நிலையில் இரண்டு கணுக்கால் எலும்புகளும் ஃபோமுக்கு நடுவில் வருகின்றனவா? சில கிட்டுகளில் இடைவெளி விட்டதும் ஃபோம் கீழே போய், பசைப்பகுதி எலும்பின் மேல் வந்து உட்காரும். அப்படியானால் தனியாகப் பஞ்சு வைத்தாக வேண்டும். இந்த இடைவெளியைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. நோயாளி பாதத்தைக் கீழே அழுத்தவும் மேலே மடக்கவும் இடம் வேண்டும். அந்த அசைவு நின்றுபோனால் கெண்டைக்காலில் ரத்தம் தேங்கும். உறைகட்டி வர அதுவே வழி.

ஒட்டும் வகை: பிடிப்பு நல்லது, பார்வை மோசம்

இது பழைய முறை. அமெரிக்க அறுவை மருத்துவர் கர்டன் பக் 1861இல் தொடை எலும்பு முறிவுக்குப் பசைப் பட்டையும் வெயிட்டும் வைத்து இழுக்கும் முறையை விவரித்தார். இன்றும் காலுக்கான நேரான டிராக்‌ஷனை பக்ஸ் டிராக்‌ஷன் என்றுதான் சொல்கிறோம்.

இதன் பெரிய பலம், நழுவாது. இழுப்பு பட்டையின் முழு நீளத்திலும் பரவுகிறது. அதனால் மூன்று வகையிலும் அதிக எடை தாங்குவது இதுவே. பாடப்புத்தகங்கள் கூறும் உச்சவரம்பு 6.7 கிலோ. அவ்வளவு போட்டால் தோல் கொப்பளிக்கும் வாய்ப்பு மிக அதிகம். பெரியவருக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, 5 கிலோவுக்கு மேல் தேவைப்பட்டால் எலும்பிலேயே உலோகக் கம்பி (பின்) போட்டு இழுப்பதே சரி என்ற வழக்கம் நியாயமானது. எதுவானாலும் எடையை முடிவு செய்வது மருத்துவர். எழுதியிருக்கும் எடைதான் தொங்குகிறதா என்று பார்ப்பது நர்ஸின் வேலை.

கட்டும் விதத்தில்தான் இந்தக் கிட் வெற்றி பெறும் அல்லது தோற்கும். காலைக் கழுவி, விரல் இடுக்கு உட்பட ஈரம் போகத் துடைக்க வேண்டும். முடி அடர்த்தியாக இருந்தால் கிளிப்பரால் குறைத்தால் போதும். பிளேடால் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், அவற்றின் மேல் பசை ஏறும், இரண்டு நாளில் கொப்புளம். பிறகு டிங்சர் பென்சாயின் என்ற பிசின் கரைசலைத் தடவிக் காயவிட வேண்டும். அது பிடிப்பையும் கூட்டும், தோலுக்கும் பசைக்கும் நடுவே ஒரு படலமாகவும் நிற்கும்.

ஒருவர் குதிகாலையும் பாதத்தையும் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் பட்டையை ஒட்ட வேண்டும். வெளிப்பக்கப் பட்டை நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னாலும், உட்பக்கப் பட்டை சற்று முன்னாலும் வந்தால் கால் வெளிப்பக்கமாகச் சாய்வதை ஓரளவு தடுக்கும். கிட்டோடு வரும் தாளில் இந்தக் குறிப்பு இருந்தால் அதைத் தயாரித்தவர்களுக்கு வார்டு தெரியும் என்று நம்பலாம். பட்டையில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. கெண்டைக்காலின் வளைவில் பட்டை படியவில்லை என்றால் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டுகள் கொடுத்துப் படியவைக்கலாம். இழுத்து நீவிப் படியவைத்தால் தோலும் சேர்ந்து இழுபட்டு, ஓரத்தில் கொப்புளம் வரிசையாக எழும்.

பட்டை எந்தக் காரணத்துக்காகவும் காலை முழு வட்டமாகச் சுற்றக் கூடாது. வீக்கம் ஏறும்போது சுற்றிய ஒட்டுப் பட்டை ஒரு துளிகூட விரிந்து கொடுக்காது.

கிரேப் பேண்டேஜ் கணுக்காலுக்குச் சற்று மேலிருந்து தொடங்கி, சுருளாக மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மறைத்தால் போதும். முழங்காலுக்குக் கீழே மட்டும் போடும் டிராக்‌ஷனில் கட்டு எங்கே முடிகிறது என்பது உயிர்நாடியான கேள்வி. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

குறை என்னவென்றால், ஒட்டியபின் அடியில் உள்ள தோலைப் பார்க்க முடியாது. பேண்டேஜை அவிழ்த்துப் பட்டையின் ஓரங்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அடியில் நடப்பதை மறைமுகமாகத்தான் ஊகிக்க வேண்டும்: நோயாளி எரிகிறது, அரிக்கிறது என்கிறார், பட்டையின் விளிம்பு ஈரமாக இருக்கிறது, லேசான வாடை வருகிறது, பட்டை ஒரு செ.மீ. கீழே இறங்கியிருக்கிறது. கடைசியில் சொன்னதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கட்டியதும் பட்டையின் மேல் விளிம்புக்கு நேராகத் தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பட்டைக்கும் கோட்டுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால், அடியில் தோல் உரிந்து வழுக்குகிறதோ என்ற சந்தேகத்தோடு திறந்து பார்க்க வேண்டும்.

ஜிங்க் ஆக்சைடு பசைக்கு ஒவ்வாமை இருப்பவருக்கு இது கூடாது. தோலில் சிராய்ப்போ புண்ணோ இருப்பவர், நாளம் சுருண்டு கால் கறுத்தவர், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர், சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர் ஆகியோருக்கும் கூடாது. மரத்த காலில் எரிச்சல் என்ற எச்சரிக்கையே கிடைக்காது. நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்துத் தோல் காகிதம்போல ஆனவர்களுக்குப் பசையை உரிக்கும்போது தோலும் கூடவே வந்துவிடும்.

ஒட்டாத பட்டை: மென்மை, ஆனால் நழுவும்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வயதானவர்களின் மெல்லிய தோலுக்கு ஏற்றது, கழற்றிப் பார்த்துத் திரும்பக் கட்டலாம், பசை ஒவ்வாமைக் கவலை இல்லை. உச்சவரம்பு 4.5 கிலோ என்று எழுதியிருப்பார்கள்; 3 கிலோவைத் தாண்டும்போதே பட்டை இறங்க ஆரம்பிக்கும். இறங்குவதைத் தடுக்கப் பேண்டேஜை இறுக்கிக் கட்டுவார்கள். அங்கேதான் ஆபத்து. ஒட்டும் வகையில் பசை செய்கிற வேலையை இங்கே இறுக்கம் செய்ய வேண்டியிருக்கிறது, இறுக்கம் கூடினால் ரத்த ஓட்டம் குறையும்.

வாங்கும்போது ஃபோமில் துளைகள் உள்ளதாகப் பாருங்கள். துளையில்லாத ஃபோம் வியர்வையை உள்ளேயே வைத்துக்கொள்ளும். தோல் ஊறி வெளுத்து, பிறகு சின்ன உராய்வுக்கும் கிழியும். ஒரு வேளைக்கு ஒரு முறையாவது முழுதாக அவிழ்த்து, துடைத்து, உலரவிட்டுத் திரும்பக் கட்ட ஆள்பலம் உள்ள வார்டுக்கு இது நல்ல கிட். அந்த ஆள்பலம் இல்லாத இடத்தில் பூட் மேல்.

ஃபோம் பூட்: போடுவது எளிது, தவறாகப் போடுவதும் எளிது

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் முதியவருக்கு, 2 முதல் 3 கிலோ எடையில், ஓரிரு நாளைக்கு என்றால் எங்கள் முதல் தேர்வு பூட்தான். வெல்க்ரோவைத் திறந்தால் கால் முழுவதும் கண்ணுக்கு முன்னால். மூன்று வகையிலும் தோலை நேரடியாகப் பார்க்க இதுபோல் எளிதானது வேறில்லை.

நல்ல பூட்டுக்கு மூன்று அடையாளங்கள். குதிகால் இருக்கும் இடத்தில் திறப்போ ஆழமான குழியோ இருக்க வேண்டும். குதிகால் தொங்கி நிற்க வேண்டும், ஃபோமில் அமுங்கக் கூடாது. அடுத்து, பின்புறத்தில் குறுக்குக் கம்பி அல்லது அகலமான அடித்தகடு இருந்து கால் வெளிப்பக்கமாகச் சுழலாமல் நிறுத்த வேண்டும். இடுப்பு முறிந்தவரின் கால் தானாகவே வெளிப்பக்கம் சாயும். அது சாயும்போதெல்லாம் முழங்காலின் வெளிப்புறம் மெத்தையில் அழுந்தும். மூன்றாவது, மேல் பட்டை ஃபிபுலா எலும்பின் தலைக்கு (முழங்காலின் வெளிப்புறத்தில் தட்டுப்படும் முண்டு) இரண்டு விரல் கீழேயே முடிகிற உயரத்தில் பூட் கிடைக்க வேண்டும். உயரமான பூட்டைக் குட்டையான காலில் போட்டால் மேல் பட்டை சரியாக அங்கே ஓடும் நரம்பின் மேல் உட்காரும். ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தும் என்று அச்சடித்த பூட்டை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கலாம்.

போடும்போது நடுப்பட்டைகள்தான் இழுப்பைத் தாங்க வேண்டும், அவை கெண்டைக்காலின் பருத்த பகுதியில் இருப்பதால். கணுக்கால் பட்டையும் மேல் பட்டையும் ஒரு விரல் தாராளமாக நுழையும் அளவுக்குத் தளர்ந்திருக்கட்டும். நடைமுறையில் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்: பூட் நழுவுகிறது என்று கணுக்கால் பட்டையை இறுக்குவது. நழுவும் பூட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பூட் கீழே இறங்க, குதிகால் அதன் குழியைவிட்டு மேலேறி, குழியின் விளிம்பு குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணின் மேல் வெட்டுகிறது. கணுக்கால் பட்டை பாதத்தின் மேல்புறத்தில் இழுத்து அழுத்துகிறது. மொத்த இழுப்பும் பாதத்தின் முதுகில் ஒரு கயிறளவு அகலத்தில் விழுகிறது. பூட் போட்டவர்களுக்குக் குதிகாலின் பின்மேற்புறத்திலும் பாதத்தின் மேலும் புண் வருவதற்கு இதுவே காரணம். நழுவினால் செய்ய வேண்டியது இறுக்குவது அல்ல. வெயிட்டை இறக்கி, ஒருவர் கையால் இழுத்துப் பிடித்திருக்க, பூட்டைத் திறந்து, குதிகாலைக் குழியில் உட்காரவைத்து, மறுபடி போட வேண்டும். திரும்பத் திரும்ப நழுவினால் அளவு தவறு, அல்லது அந்தப் பூட்டுக்கு எடை அதிகம்.

ஒவ்வொரு எட்டு மணி நேரத்துக்கும், அதாவது ஷிப்டுக்கு ஒரு முறை, பூட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கணுக்காலுக்கு மேலே இரு கைகளாலும் காலைப் பிடித்து, கயிறு போகிற அதே திசையில் சீராக இழுத்துப் பிடிக்கிறார். அதன்பிறகே மற்றவர் வெயிட்டை இறக்குகிறார். பார்த்துத் துடைத்து மூடியபின், வெயிட்டை மெதுவாகத் தொங்கவிட்டு, இழுப்பு கயிற்றுக்கு வந்துவிட்டது என்று உறுதியானதும் முதலாமவர் கையை விடுகிறார். டக்கென்று வெயிட்டை விட்டால் முறிந்த இடத்தில் சுரீரென்று வலி எடுத்துத் தசை இறுகும். தொடை எலும்பின் நடுவில் முறிந்தவருக்கு மருத்துவரின் அனுமதி இல்லாமல் இப்படி இறக்கக் கூடாது. பின் போட்ட ஸ்கெலிடல் டிராக்‌ஷனிலோ வெயிட்டை இறக்கும் பேச்சே கிடையாது.

சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் அழுத்தத்தை மாற்றினால் சரியாகும். அழுத்தியும் சிவப்பு மாறவில்லை என்றால் படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் அதுவே; அந்த இடத்தில் எதுவும் படாமல் இருக்க வழி செய்துவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது நல்லது என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். தேய்த்தால் சேதம்தான் கூடும்.

வெல்க்ரோவில் நூலும் பஞ்சும் சேர்ந்தால் பிடிப்புப் போய்விடும். ஃபோம் துவைத்தால் தட்டையாகி மெத்தைத்தன்மையை இழக்கும். ஒரு பூட் ஒரு நோயாளிக்குத்தான். அடுத்தவருக்குத் துவைத்துப் போடுவதில் தொற்று அபாயமும் உண்டு, அமுங்கிய ஃபோமால் புண் வரும் அபாயமும் உண்டு.

முழங்காலின் வெளிப்பக்கம்

எந்தக் கிட் வாங்கினாலும் இதைத் தெரிந்துகொள்ளாமல் போடக் கூடாது. முழங்காலின் வெளிப்புறத்தில், மூட்டுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்துத் தடவினால் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அது ஃபிபுலாவின் தலை. அதற்கு அடுத்துக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு காமன் பெரோனியல் நரம்பு முன்பக்கம் வருகிறது. அங்கே நரம்புக்கும் வெளியுலகுக்கும் நடுவே தோலும் கொஞ்சம் கொழுப்பும் மட்டுமே. அதன் மேல் பேண்டேஜின் விளிம்போ, பூட்டின் பட்டையோ, சாய்ந்து கிடக்கும் காலின் பாரமோ அழுத்தினால் பாதத்தை மேலே தூக்கும் சக்தி போய்விடும். எலும்பு கூடினாலும் பாதம் தொங்கிப்போனவர் நடக்கக் கஷ்டப்படுவார். ஆகவே முழங்காலுக்குக் கீழே போடும் டிராக்‌ஷனில் கட்டு அந்த முண்டைத் தொடக் கூடாது.

தொடை வரை பட்டை போகும் டிராக்‌ஷனில் முழங்காலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அப்போது அந்த முண்டின் மேல் பஞ்சு வைத்து, கட்டு தளர்வாகக் கடக்க, முழங்கால் சில்லு வெளியே தெரியும்படி விட்டுக் கட்ட வேண்டும்.

சோதிக்க அரை நிமிடம்கூட ஆகாது. “கட்டைவிரலை உங்க மூஞ்சியைப் பார்த்துத் தூக்குங்க ஐயா” என்று சொல்லுங்கள். பிறகு பாதத்தை முழுதாக மேலே தூக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உள்ள தோலை லேசாகத் தொட்டு, கண்ணை மூடியபடி உணர்கிறாரா என்று கேளுங்கள். இந்த மூன்றில் ஒன்று முன்பு சரியாக இருந்து இப்போது குறைந்தாலும் காத்திருக்க வேண்டாம். பட்டையைத் தளர்த்தி, காலை நேராக்கி, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். டிராக்‌ஷன் போடும் முன்பே ஒரு முறை சோதித்துக் குறித்து வைக்காவிட்டால், பிறகு வரும் பலவீனம் விபத்தால் வந்ததா கட்டால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதோடு ரத்த ஓட்டமும்: விரல்களின் நிறம், சூடு, வீக்கம், பாத நாடி, நகத்தை அழுத்திவிட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்புகிறதா என்பது. எல்லாவற்றையும் நல்ல காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போட்ட முதல் ஒரு மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த 24 மணி நேரம் மணிக்கொரு முறை, அதன்பின் நான்கு மணிக்கொரு முறை என்பது பரவலான நடைமுறை. மருந்து கொடுத்தும் அடங்காத, காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, அதிலும் விரல்களை நாம் மெதுவாக மடக்கி நீட்டும்போது கெண்டைக்காலில் துடிக்கும் வலி என்றால், தசைகளை மூடிய உறைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நேரம் நாடி நன்றாகவே கிடைக்கலாம், அதைப் பார்த்துச் சமாதானமாகிவிடக் கூடாது.

கயிறு, புல்லி, வெயிட்

நல்ல கிட்டை வாங்கிவிட்டு, கட்டிலில் துருப்பிடித்த புல்லி இருந்தால் காசு வீண். புல்லி சுழலாவிட்டால் தொங்கும் 3 கிலோவில் எவ்வளவு காலுக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. கயிற்றை விரலால் சற்று இழுத்துவிட்டுப் பார்த்தால் சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும்.

கிட்டோடு வரும் கயிற்றில் எங்களுக்குப் பிடித்தது பின்னிய பருத்திக் கயிறு. நைலான் கயிறு பாரத்தில் நீளும், வழவழப்பால் முடிச்சும் மெல்ல அவிழும். நைலான்தான் வந்திருக்கிறது என்றால் முடிச்சின் வால்நுனியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கயிறு ஒரே துண்டாக இருக்க வேண்டும். இரண்டு துண்டை முடிந்து நீட்டினால் அந்த முடிச்சு எப்போதாவது புல்லியில் போய் மாட்டும், அப்போது இழுப்பு அங்கேயே நின்றுவிடும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

வெயிட் தரையைத் தொடாமல், கட்டில் கம்பியில் உரசாமல் தொங்க வேண்டும். ஹேங்கருக்கும் எடை உண்டு, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தண்ணீர்ப் பையை வெயிட்டாகத் தரும் கிட்டுகளை நாங்கள் விரும்புவதில்லை: 1 லிட்டர் 1 கிலோ என்ற கணக்கு சரிதான், ஆனால் ஓட்டை விழுந்து கசிந்தால் ராத்திரி முழுக்க எடை குறைந்துகொண்டே போவது தெரியாது. எடை பொறித்த உலோகத் தட்டுகள் நம்பகமானவை. கட்டிலை எக்ஸ்ரேவுக்குத் தள்ளும்போது வெயிட்டைத் தூக்கி மெத்தையில் வைப்பதும், வலிக்கிறது என்று உறவினர் கையால் தாங்கிப் பிடிப்பதும் அடிக்கடி நடப்பவை. கூட இருப்பவர்களிடம் முதல் நாளே விளக்கிச் சொல்லிவிடுவது நல்லது. விவரம் தெரிந்தால் அவர்களே காவலாக இருப்பார்கள்.

எதிர் இழுப்பு இல்லாவிட்டால் நோயாளியே கீழே வழுக்கி வந்துவிடுவார். ஸ்ப்ரெடர் தகடு கட்டில் கம்பியில் முட்டும், அந்த நொடியில் டிராக்‌ஷன் பூஜ்யம். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினால் உடல் எடையே எதிர் இழுப்பாகும். அரை கிலோவுக்குச் சுமார் 2.5 செ.மீ. என்பது பழைய கணக்கு. 3 கிலோவுக்கு 15 செ.மீ. வரும். தலைமாட்டை அதிகம் உயர்த்திச் சாப்பிட உட்காரவைத்தால் இந்த ஏற்பாடு கெட்டுவிடும். சாப்பிட்டு முடித்ததும் நோயாளி எந்த இடத்தில் இருக்கிறார் என்று பார்த்து மேலே ஏற்றிப் படுக்கவைக்க வேண்டும்.

போர்வை கயிற்றின் மேல் கிடந்தாலும் இழுப்பு குறையும். பெட் கிரேடில் (போர்வையைத் தூக்கி நிறுத்தும் சட்டம்) வைத்து அதன் மேல் போர்த்துவதே சரி.

நல்ல காலை மறந்துவிடாதீர்கள். படுத்திருப்பவர் மேலே நகர விரும்பும்போதெல்லாம் நல்ல காலின் குதிகாலை மெத்தையில் ஊன்றி உந்துகிறார், முழங்கைகளையும் ஊன்றுகிறார். டிராக்‌ஷன் போட்ட காலைவிட மற்ற குதிகாலில் முதலில் புண் வருவதுண்டு. கட்டிலுக்கு மேலே பிடித்துத் தூக்கிக்கொள்ளக் கைப்பிடி இருந்தால் இது பெருமளவு குறையும். கிட் வாங்கும் செலவோடு அதையும் சேர்த்துக் கேளுங்கள். பெட்பேன் வைக்கும்போது தட்டையான வகையை நல்ல கால் பக்கமிருந்து நுழைக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்தால் இரண்டு கால்களையும் நேர் மேலே தூக்கிக் கட்டும் பிரையன்ட் டிராக்‌ஷன் உண்டு. புட்டம் மெத்தையிலிருந்து உள்ளங்கை நுழையும் அளவு மட்டும் எழும்பியிருக்க வேண்டும். இதற்கு ஒட்டும் வகைச் சிறுவர் கிட்தான் பொருந்தும். பெரியவர் பட்டையை வெட்டிச் சிறிதாக்கினால் கணுக்கால் ஃபோம் இடம் மாறிவிடும். மேலே தூக்கிய காலுக்கு ரத்தம் ஏறுவது குறையும், பேண்டேஜ் கொஞ்சம் இறுகினாலும் ஆபத்து. முறியாத காலிலும் அதே ஆபத்து இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு பாதங்களையும் சமமாகச் சோதியுங்கள். குழந்தையால் மரத்துப்போகிறது என்று சொல்ல முடியாது. ஓயாத அழுகையை வெறும் அடம் என்று எடுத்துக்கொள்ளாமல் பேண்டேஜை அவிழ்த்துப் பாருங்கள். பட்டையின் மேல்முனை சிறுநீரில் நனைகிறதா என்றும் பார்க்க வேண்டும், பசை அங்கிருந்துதான் விடும்.

கிட் செய்யாதது

இடுப்பு முறிவுக்கு டிராக்‌ஷன் போட்டால் வலி குறையும் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். ஆபரேஷனுக்கு முன் டிராக்‌ஷன் போடுவது குறித்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வின் 2011 பதிப்பு, வழக்கமாக எல்லோருக்கும் போடுவதால் பலன் இருப்பதாகச் சான்று இல்லை என்றே கூறியது. ஆகவே வயதானவருக்குக் கிட் போட்டாயிற்று, வலி மருந்தைத் தள்ளிப்போடலாம் என்ற எண்ணம் கூடவே கூடாது. தலையணை வைத்துக் காலைச் சரியாகக் கிடத்தி, வலி மருந்தும் தேவையானால் நரம்பை மரக்கவைக்கும் ஊசியும் கொடுத்து, ஆபரேஷனைச் சீக்கிரம் செய்வதற்கு எந்தப் பூட்டும் மாற்றாகாது. தொடை எலும்பின் நடுமுறிவில் தசை இறுகிக் கால் குட்டையாவதைத் தடுப்பது வேறு விஷயம். அங்கே டிராக்‌ஷனுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

கழற்றும்போது

ஒட்டுப் பட்டையை மேலே தூக்கிப் பிய்க்கக் கூடாது. எண்ணெய் அல்லது பசை நீக்கியால் ஊறவைத்து, ஒரு கையால் தோலை அமுக்கிப் பிடித்து, பட்டையைத் தோலோடு ஒட்டினாற்போல் மடக்கி, முடி வளரும் திசையில் மெதுவாக உரிக்க வேண்டும். கழற்றிய பின்னும் காலை ஒரு முறை முழுதாகப் பார்த்து எழுதிவையுங்கள்: குதிகால், அதன் மேலுள்ள தசைநாண், இரு கணுக்கால் எலும்புகள், பாதத்தின் மேல்புறம், கட்டைவிரல் தூக்குகிறதா என்பது. பட்டை, ஃபோம், பேண்டேஜ், கயிறு எல்லாம் குப்பைக்கு. உலோக வெயிட்டையும் ஹேங்கரையும் கிருமிநாசினியால் துடைத்து, எடை எழுத்து தெரிகிறதா என்று பார்த்து எடுத்துவைக்கலாம்.